முப்பது காட்டிய முள்

பால்காரர் முழங்கையில் சிராய்ப்போடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வழியில் பின்சக்கரம் வழுக்கி விழுந்துவிட்டாராம்.

"நடுரோட்டுலயா படுக்க எடம் பாத்தீங்க?" என்று அக்கா கேட்டாள். பஞ்சர் கடை அவளுடையது. காற்றடிப்பது மட்டும் என் வேலை.

"சிரிக்காதம்மா. கேன் ரெண்டும் நசுங்கிப் போச்சு. லேசான தூறல்தான். பிரேக்கைத் தொட்டேன், அவ்ளோதான்."

அக்கா குனிந்து பார்த்தாள். பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து மொட்டையாகியிருந்தது. ஓரங்கள் இரண்டும் புதுசு போலவே இருந்தன.

"காத்து அதிகமாயிட்டா டயர் உப்பிக்கும். நடுப்பக்கம் மட்டும்தான் தரையில படும். அப்புறம் எங்க புடிப்பு இருக்கும்? யார்கிட்டப் போய் அடிச்சீங்க?"

"உன்னை விட்டா நான் எங்க போறேன்?"

"என் கடையில முப்பதுக்கு மேல ஒரு பொட்டு ஏறாது. கதை விடாதீங்க."

நேற்று வந்த தபால்காரரின் டயரும் இப்படித்தான் நடுவில் தேய்ந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் காற்று பார்க்கும் மீட்டர் என் கைதவறி சிமெண்டுத் தரையில் விழுந்தது. அப்போது அக்கா சாப்பிடப் போயிருந்தாள். கண்ணாடி உடையவில்லை, முள்ளும் நன்றாகவே ஆடியது. துடைத்து ஆணியில் மாட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா புது டயரை மாட்டி முடித்தாள். "ம், அடி காத்தை."

குழாயைப் பிடித்த என் கை அசையவில்லை.

"என்னடி, மரம் மாதிரி நிக்கிற?"

"மீட்டர் தப்பாக் காட்டுதுக்கா. நான்தான் கீழ போட்டுட்டேன்."

அக்கா எதிர்ப் பெட்ரோல் பங்க்கில் ஒரு மீட்டரை இரவல் வாங்கி வந்தாள். எங்கள் மீட்டரில் முப்பது வரும்வரை அவளே காற்றடித்தாள். பிறகு இரவல் மீட்டரை வைத்து அழுத்தினாள். நாற்பத்தொன்று.

"அப்போ நான் ஒழுங்காத்தான் ஓட்டியிருக்கேன்!" என்றார் பால்காரர். யாரும் சிரிக்கவில்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம்."

அக்கா கையை ஓங்கினாள். கண்களை இறுக மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. வெளியே மழை வலுத்துப் பெய்துகொண்டிருந்தது.

"யார் யாருக்கு அடிச்ச?"

தபால்காரர், தையல்காரர், மருந்துக்கடைக்காரர் என்று சொல்லிக்கொண்டே வந்து நிறுத்திவிட்டேன். போகிற வழியில் நின்று அடித்துக்கொண்டு போனவர்களுக்கு என்ன பெயர் சொல்வது?

அக்கா ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சாலையில் இறங்கினாள். "வாடி. வெக்கப்பட்டுக்கிட்டு நிக்காத. தெரிஞ்ச வண்டியைப் பாத்தா கத்து."

முதலில் தையல்காரர் மாட்டினார். "மழையில என்னம்மா விளையாட்டு?" என்று எரிந்து விழுந்தார். அக்கா அவர் காலடியில் உட்கார்ந்து காற்றை இறக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் அந்தச் சிவப்பு வண்டி வந்தது. புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு குழந்தை. முந்தாநாள் அவர்களுக்கு நான்தான் காற்றடித்தேன்.

"நிறுத்துங்க!" என்றேன். மழையில் எனக்கே கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். என்னை அடையாளம் கண்டு, சிரித்துக்கொண்டே கையசைத்தாள். வண்டி வேகம் குறையாமல் போய்க்கொண்டிருந்தது.