ஓட்டியவர்கள் சொன்னது

அந்த வண்டியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அதன் அழகைத்தான் சொல்வார்கள். வட்டமான முகவிளக்கு, மேலே தூக்கிக் கட்டிய சைலன்சர், கட்டம் கட்டமாக வெட்டிய தடித்த டயர், பழுப்பு நிறத்தில் வரிவரியாகத் தைத்த தட்டை சீட். தாத்தா காலத்து வண்டியின் முகமும் இந்தக் காலத்து எஞ்சினும் கொண்ட ஸ்க்ராம்ப்ளர். பெரிய வண்டியும் இல்லை, சின்ன வண்டியும் இல்லை. தார் ரோட்டிலும் போகும், மண் பாதையிலும் போகும் என்று விளம்பரத்தில் அடித்துச் சொன்னார்கள்.

கண்ணாடிக்காரரும் அந்த அழகில்தான் விழுந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவருக்கு. இருபது வருடமாக அதே மேஜை, அதே மெஷின். கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்று சொல்கிறவர்களை அவர் விட்டதில்லை. "பரவாயில்லைன்னு ஒரு பவர் கிடையாதுங்க. தெரியுதா, தெரியலையா? அதைச் சொல்லுங்க" என்பார். எதையும் உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு கர்வமே உண்டு.

வாங்கச் சொன்னதே அவர் மனைவிதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "வாங்கித் தொலைங்க. இல்லைன்னா இன்னும் பத்து வருஷத்துக்கு ரோட்டுல போற வண்டியையெல்லாம் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கிட்டே இருப்பீங்க. கழுத்து சுளுக்கிக்கும்" என்றாள்.

வண்டி வந்த வாரமே போனில் ஒரு குழுவில் சேர்த்துவிட்டார்கள். அதே வண்டி வைத்திருக்கிற நானூறு பேர். குழுவை நடத்துகிறவர் குளியலறைச் சாமான் கடைக்காரர்; எல்லோருக்கும் அவர் அட்மின் அண்ணன். தலை ஒன்றுதான் என்றாலும் ஹெல்மெட் மூன்று வைத்திருந்தார். காலையில் கண் விழித்ததும் குழுவில் பேச்சு ஆரம்பித்துவிடும். சீட் பலகை மாதிரி இருக்கிறது என்று ஒருவர் எழுதினால், பலகையில் உட்காரத் தெரியாதவர்கள் சோபா வாங்கிக்கொள்ளலாம் என்று இன்னொருவர் எழுதுவார். சைலன்சர் வலது கெண்டைக்காலை வேகவைக்கிறது என்று ஒரு வங்கி காசாளர் புலம்பினார். 'குளிர்காலத்துல கொண்டாடுவீங்க' என்று பதில் வந்தது. சத்தத்துக்காகவே இரண்டாவது வண்டி வாங்கப்போகிறேன் என்றார் ஒரு பல் டாக்டர். கண்ணாடிக்காரர் இதையெல்லாம் படித்துப் படித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டே லென்ஸ் தேய்த்தார். சந்தோஷமான நாட்கள்தான்.

மூன்றாவது மாதம் வண்டி வேலையைக் காட்ட ஆரம்பித்தது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, வேகம் குறைத்து கிளட்சைப் பிடித்தால் பட்டென்று அணைந்துவிடும். ஒரு முறை சிக்னலில், ஒரு முறை மேம்பாலத்தின் ஏற்றத்தில். சர்வீஸில் கொண்டுபோய் விட்டார். பெட்ரோல் சரியில்லை என்றார்கள். பெட்ரோல் மாற்றினார். ஓட்டுகிற விதம் சரியில்லை என்றார்கள். கடைசியில் ஒரு மெக்கானிக் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டே, "இதோட குணமே இதுதான் சார். பழகிக்கணும்" என்றார்.

பழகுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போனார். ஏழாவது வளைவில் முன்னால் ஒரு லாரி திணறியது. கிளட்சைப் பிடித்தார். எஞ்சின் அணைந்தது. பிரேக்கை இறுக்குவதற்குள் வண்டி பின்பக்கமாக உருண்டு, பக்கவாட்டில் சாய்ந்தது. அவர் குதித்துவிட்டார். அவளால் முடியவில்லை. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். கட்டுப் பிரித்த பிறகும் கை முழுதாகத் திரும்பவில்லை. கரும்பலகையில் எழுத ஒரு மாணவியை நிறுத்திக்கொண்டு, அவள் பக்கத்தில் நின்று வாயால் சொல்லிக் கொடுத்தாள்.

கண்ணாடிக்காரர் உட்கார்ந்து எழுதினார். ஆத்திரத்தில் எழுதவில்லை. சைலன்சர் சத்தத்தைப் பாராட்டினார். மண் பாதையில் பிடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு எஞ்சின் அணைந்த ஒன்பது தடவையையும் தேதி போட்டு, எந்த இடம், எவ்வளவு தூரம் ஓடிய பிறகு என்று எழுதினார். குழுவிலும் போட்டார், வண்டி விமர்சனங்கள் வருகிற பொதுத் தளம் ஒன்றிலும், அங்கே எல்லோரையும் போலப் பெயர் இல்லாமல், போட்டார்.

குழுவில் ஒரு மணி நேரம் மூச்சு பேச்சில்லை. பிறகு பிடித்துக்கொண்டார்கள்.

'ஓட்டத் தெரியாதவருக்கு சைக்கிள் போதும்.'

'பொண்டாட்டியை ஏத்திக்கிட்டு மலை ஏறினா வண்டி பாவம் என்ன பண்ணும்?'

'வேற கம்பெனிக்காரன்கிட்ட எவ்வளவு வாங்கினீங்க?'

அட்மின் அண்ணன் கடைசியாக வந்து, 'நம்ம குடும்பத்துல இருந்துக்கிட்டே நம்ம வண்டியைக் கேவலப்படுத்தறவங்க நமக்கு வேண்டாம்' என்று எழுதி அவரை நீக்கிவிட்டார்.

அன்று சாயங்காலமே தனித்தனியாக மூன்று பேர் அவருக்கு எழுதினார்கள். அதில் ஒருவர் பல் டாக்டர். மூவருக்கும் அதே கோளாறு. மூவரும் சொன்னது ஒன்றுதான்: 'வண்டியை விக்கப்போறேன். அதுவரைக்கும் வெளியில சொல்ல முடியாது. தப்பா நினைக்காதீங்க.'

"மனுஷங்களா இவங்க?" என்று மனைவியிடம் போனைக் காட்டிக் கொதித்தார். "அடுத்தவன் விழுந்து சாகட்டும், நம்ம தலை தப்பினா போதும். இதைவிட நேரா போய் ஆளைத் தள்ளிவிடலாம்."

அவள் இடது கையால் போனை வாங்கிப் படித்தாள். "பயம்தான்" என்றாள்.

"பயமாம் பயம். அயோக்கியத்தனம்."

பிறகு அவரும் வண்டியை விற்க விளம்பரம் கொடுத்தார்.

வந்தவர்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். சீட்டைத் தடவினார்கள். போகும்போது, "நெட்டுல ஒருத்தர் ரொம்ப விவரமா எழுதியிருக்கார் சார், நடுவழியில நின்னுடும்னு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பொதுத் தளத்தில் அந்த வண்டியின் பெயரைப் போட்டால் முதலில் வருவது அவர் எழுதியதுதான். ஆயிரக்கணக்கானவர்கள் படித்திருந்தார்கள். நான்கு மாதம் வண்டி வாசலில் நின்றது. மனைவி பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காமல் நடந்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. எப்படியாவது அது கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட வேண்டும்.

ஐந்தாவதாக வந்தவர் ஒரு மாட்டு டாக்டர். முப்பது வயதிருக்கும். பண்ணை பண்ணையாகப் போய் வைத்தியம் பார்க்கிற பெண். மண் ரோடுதான் அதிகம், அதனால் இந்த வண்டி என்றார். போனில் பேசியபோதே கண்ணாடிக்காரர் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லிவிட்டார். வெயில் ஏறினால், வண்டி சூடானால், என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். 'பத்து மணிக்குக் கடை திறக்கணுமே, அதனாலதான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

டாக்டர் வண்டியை எடுத்துக்கொண்டு நாலு தெரு சுற்றிவிட்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. இருந்தாலும் கேட்டார்.

"சார், நெட்டுல ஒரு விமர்சனம் படிச்சேன். சூடானா எஞ்சின் அணைஞ்சுடும்னு தேதி வாரியா எழுதியிருக்காங்க. உங்களுக்கு அப்படி ஏதாவது?"

கண்ணாடிக்காரர் துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த டேங்கைத் துடைத்தார்.

"நானும் படிச்சேன் டாக்டர். அந்தாளுக்கு ஓட்டத் தெரியலை, அவ்வளவுதான். கிளட்சை எங்க பிடிக்கணும், எங்க விடணும்னு தெரிஞ்சா வண்டி சொன்னபடி கேக்கும். எனக்கு ஒரு தடவைகூட நின்னதில்லை."

அந்த நேரம் பார்த்து மனைவி தட்டில் காபியோடு வந்தாள். தட்டை இடது கையில் ஏந்தி, வலது முழங்கையால் முட்டுக் கொடுத்திருந்தாள். டாக்டர் சட்டென்று எழுந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

"அக்கா, கையில என்னாச்சு?"

அவள் கணவனைப் பார்த்தாள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்றார் அவர்.

"பார்த்து நடங்கக்கா. ஈரம் காலை வாரிவிட்டுடும்" என்றார் டாக்டர். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று யாரும் சொல்ல முடியாத ஆட்டல்.

டாக்டர் வண்டியோடு போன பிறகு, அவள் டம்ளர்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துப் போனாள். கடைசி டம்ளரை எடுக்கும்போது சொன்னாள்: "என் கையையும் சேர்த்து வித்துட்டீங்க."

அதன் பிறகு அந்த வீட்டில் சாப்பாடு நடந்தது, துவைப்பது நடந்தது, பேச்சு மட்டும் நொண்டியது.

ஆறு மாதம் ஆனது. கடையில் ஆள் வராத ஒரு மத்தியானம் பொதுத் தளத்தைத் திறந்தவர் கண்ணில் அது பட்டது. எழுதியது மாட்டு டாக்டர். பண்ணையிலிருந்து திரும்புகிற வழியில், பெரிய ரோட்டில் ஏறுகிற இடத்தில் எஞ்சின் அணைந்திருக்கிறது. பின்னால் வந்த வேன் இடித்திருக்கிறது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாது. யாரையும் திட்டாமல் எழுதியிருந்தார். கடைசியில் இப்படி இருந்தது:

'எனக்கு முன்னாடி இதை வெச்சிருந்தவருக்கு ஒரு தடவைகூட இப்படி ஆகலையாம். அதனால தப்பு என் கிட்டதான்னு நினைக்கிறேன். கிளட்சை எங்க பிடிக்கணும், எங்க விடணும்னு தெரிஞ்சவங்க யாராவது சொல்லிக் கொடுங்க.'

அவர் அதைப் படித்துவிட்டு, மெஷினில் ஓடிக்கொண்டிருந்த லென்ஸை மறந்துபோனார். அது ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்து வீணாகிவிட்டது.

கடையிலிருந்தே போன் செய்தார். யார் என்று சொன்னதும், "சார், நானே உங்களைக் கேக்கணும்னு இருந்தேன்" என்று டாக்டர் ஆரம்பித்தார். குரலில் சந்தோஷமே இருந்தது. அதை வெட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அந்த விமர்சனத்தை எழுதியது தான்தான் என்றார். ஒன்பது தடவை என்றார். மலையின் ஏழாவது வளைவையும் மனைவியின் கையையும் சொன்னார்.

"அப்ப நான் சரியாத்தான் ஓட்டியிருக்கேன்" என்றார் டாக்டர்.

"ஆமாம்."

"மூணு வாரமா படுத்துக்கிட்டு யோசிச்சுக்கிட்டிருக்கேன் சார், கையை எங்க தப்பா வெச்சேன்னு."

"வண்டியை நானே திரும்ப எடுத்துக்கறேன் டாக்டர். நீங்க கொடுத்ததை அப்படியே கொடுத்துடறேன்."

"கொடுங்க" என்றார். அதோடு போனை வைத்துவிட்டார்.

வீட்டில் இருந்த சேமிப்பைத் துடைத்தெடுத்து அதற்குக் கொடுக்க வேண்டியிருந்தது. மனைவி மறுபேச்சு பேசவில்லை. "போய் எடுத்துட்டு வாங்க. இன்னொருத்தி கைக்குப் போக வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள்.

சின்ன சரக்கு வேன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனார். டாக்டர் ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்து சாவியை நீட்டினார். அழவில்லை, ஏசவில்லை. ஏசினால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"நீங்க சொன்னது கூடப் போகட்டும் சார்" என்றார் டாக்டர். "விக்கிறவங்க ஆயிரம் சொல்வாங்க. அந்த அக்கா எப்படிச் சும்மா நின்னாங்க? அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது."

வீட்டுக்கு வந்ததும், "என்ன சொன்னாங்க?" என்று மனைவி கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இந்தத் தடவை விழுங்கிவிட்டு உள்ளதைச் சொன்னார். அவள் படி ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நானும் அதைத்தான் தினமும் என்னைக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள்.

வேனிலிருந்து வண்டியை இறக்குவதை யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். மறுநாள் அட்மின் அண்ணன் அதைப் பொதுத் தளத்தில் போட்டார். 'நம்ம வண்டியைத் திட்டி எழுதினாரே, ஞாபகம் இருக்கா? வித்துட்டு இருக்க முடியாம அவரே தேடிப்போய் திரும்ப வாங்கிட்டார்! இதைவிட நல்ல விமர்சனம் வேணுமா?' கீழே வாழ்த்துகள் குவிந்தன. போட்டிக் கம்பெனி வண்டி ஒன்றை வாங்கலாம் என்றிருந்த மூன்று பேர், இதைப் பார்த்து மனதை மாற்றிக்கொண்டதாகவே எழுதியிருந்தார்கள்.

கண்ணாடிக்காரர் அதற்குக் கீழே பதில் எழுதினார். காலை ஏழு மணிக்கு வரச் சொன்னது, டேங்கைத் துடைத்தது, பாத்ரூம் பொய், டாக்டரின் கால் எல்லாவற்றையும் எழுதினார். எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. 'இவ்வளவு நீளத்தை யாரு படிப்பா?' என்று ஒருவர் கேட்டார். 'அண்ணே, மறுபடி விக்கிறதா இருந்தா முதல்ல எனக்குச் சொல்லுங்க' என்றார் இன்னொருவர்.

மனைவிதான் முழுவதையும் படித்தாள். விடைத்தாளைப் படிப்பது போல வரி வரியாக.

"பதில் எல்லாம் சரி" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். "பரீட்சைதான் எப்பவோ முடிஞ்சுபோச்சு."

சாயங்காலத்துக்குள் அவர் எழுதியதைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். படம் மட்டும் இருந்தது. வண்டி வாசலில் உறை போட்டு நிற்கிறது. பாகம் பாகமாகப் பிரித்து எடைக்குப் போட ஒரு மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறார். "நல்ல வண்டியைப் போய் ஏன் சார்?" என்று அவர் நாள் கடத்துகிறார். வாசல் குறுகலானது. டீச்சர் தினமும் காலையில் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு, ஹேண்டில்பார் படாமல் உடம்பைத் திருப்பி, ஒருக்களித்து வெளியே போகிறாள்.