யூனியனை விட்டு விலகலாமா?

அங்கப்பனுக்கு வாய் அதிகம். வாய் அதிகமுள்ளவனுக்கு அது எங்கேயாவது ஓரிடத்தில் வினையாக முடியும். அவனுக்கு ரஷ்யாவில் முடிந்தது. அதுவும் சிங்காநல்லூரை விட்டு நகராமலே.

ஒன்பது வருஷமாக அவன் மில்லில் பதிலித் தொழிலாளி. தினமும் சங்கு ஊதுவதற்கு முன்னால் கேட்டில் போய் நிற்க வேண்டும். நிரந்தரக்காரர்கள் யாராவது வராமல் போனால் உள்ளே கூப்பிடுவார்கள். எல்லாரும் வந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். இன்றைக்கு யாருக்காவது காய்ச்சல் வரக்கூடாதா என்று சாமி கும்பிடுகிற பிழைப்பு. அவனைப் போன்றவர்களை நிரந்தரமாக்கச் சொல்லி யூனியன் போராடிக்கொண்டிருந்தது. யூனியனின் கிளைச் செயலாளர் அப்துல் நாசர் அவனுக்குப் பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதன். கோழியை விரட்டுவதற்குக்கூட ‘ங்க’ போடுகிற ஊரில், இவர்கள் இருவருக்குள் மட்டும் அது கிடையாது. ‘டா’தான்.

1991 டிசம்பர். சோவியத் யூனியனை விட்டு விலகுவதென்று உக்ரைனில் ஓட்டுப் போட்டு முடிவெடுத்துவிட்டார்கள். மில்லுக்கு எதிரே இருந்த யூனியன் படிப்பகத்தில் வேறு பேச்சே இல்லை. மாஸ்கோவில் மழை பெய்தால் இங்கே குடை பிடிக்கிறவர்கள் என்று இவர்களை ஊர் கேலி பேசும். இப்போது அங்கே கூரையே பறந்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள். கத்துவதை முறையாகக் கத்தலாம் என்று நாசர் ஒரு பட்டிமன்றம் ஏற்பாடு செய்தான். ‘உக்ரைன் சோவியத் யூனியனை விட்டு விலகலாமா?’ என்று முழுசாக எழுத வாசல் கரும்பலகையில் இடமில்லை. ‘யூனியனை விட்டு விலகலாமா? ஞாயிறு மாலை 4 மணி’ என்று எழுதிவிட்டான். அந்த மாதம் படிப்பகத்தில் யூனியன் என்றால் ரஷ்யாதான். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

பேசப்போவது இவர்கள் இருவரும்தான். யாருக்கு எந்தக் கட்சி என்று முடிவு செய்ய, நாசர் சாப்பாட்டுத் தூக்குப்போசியின் மூடியில் இரண்டு சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினான். அங்கப்பனுக்கு ‘விலகலாம்’ வந்தது.

“டேய், எனக்கு இது வேண்டாண்டா. சேர்ந்திருக்கோணும்னு நெனைக்கறவன் நானு. மாத்திக்கலாமா?”

“நான் யூனியன் செயலாளருடா. விலகலாம்னு நானே மேடையேறிப் பேசுனா நல்லாருக்குமா? நீ சும்மா பேசு. உன்ற பேச்சை ஆரு பெருசா எடுத்துக்கப் போறாங்க?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் அங்கப்பனுக்குச் சுருக்கென்றது. பேசிக் காட்டுகிறேன் பார் என்று ஒரு வாரம் பழைய பேப்பர்களையெல்லாம் புரட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு, “நான் ஒரு உக்ரைன் விவசாயிங்க” என்று ஆரம்பித்தான்.

“வெதைக்கறது நாங்க, வெள்ளாமை போறது அவங்களுக்கு. எங்க பொழப்பு எப்படிப் போகோணும்னு எங்கியோ உக்காந்திருக்கற கமிட்டி முடிவு பண்ணுது. எங்கூட்டுக்குப் பக்கத்துல அணு உலை வெடிச்சுது. ஆபத்து என்னன்னு எங்களுக்கே சொல்லலீங்க. கேள்வி கேட்டா துரோகிங்கறாங்க. ஒருத்தன் பேச, மத்தவன் தலையாட்டறதுக்குப் பேரு ஒத்துமைங்களா? இந்த யூனியன்ல இருந்து என்னத்தைக் கண்டோம்? கதவைத் தொறந்து விடுங்க, நாங்க போறோம்!”

நாசர் எழுந்து நிதானமாகப் பதில் சொன்னான். “பருத்தி உஸ்பெக்ல, மில்லு ரஷ்யாவுல, கோதுமை உக்ரைன்ல. ரயிலும் ஒண்ணு, கரண்டும் ஒண்ணு. நாளைக்குப் பதினஞ்சு நாடு, பதினஞ்சு கேட்டு, பதினஞ்சு வாச்மேன். தனியாப் போறவனைத் தனித்தனியா வெலை பேசுவாங்க, அப்ப ஆரும் தொணைக்கு வர மாட்டாங்க. தப்பு இருந்தா உள்ள இருந்தே சண்டை போடோணும். நாமளும் ஒரு காலத்துல தனி நாடு கேட்டவங்கதானுங்க. வேண்டாம்னு விட்டுப்போடலையா?”

“விட்டமா, விட வெச்சாங்களா?” என்று அங்கப்பன் இருந்த இடத்திலிருந்தே கேட்டான். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. நடுவர் அவன் பக்கமே தீர்ப்புச் சொன்னார். நாசர் அவன் தோளில் கைபோட்டு, “கெலிச்சுப்போட்டயேடா!” என்றான். அங்கப்பனுக்கு வாழ்க்கையில் அப்படியொரு சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை. கூட்டத்தில் எவனோ பேச்சைக் கேசட்டில் பதிந்துகொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

ரஷ்யாவின் யூனியன் அந்த மாதக் கடைசியிலேயே இல்லாமல் போய்விட்டது. இங்கே ஜனவரி வரை இழுத்தது. நிர்வாகம் தனக்கென்று ஒரு சங்கத்தை வளர்த்துவிட்டு, எந்தச் சங்கத்தோடு பேசுவது என்பதற்கு ரகசிய ஓட்டெடுப்பு வைத்திருந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு காலையில், கேட்டில் நின்றுகொண்டிருந்த அங்கப்பனின் தலைக்கு மேலே நிர்வாகச் சங்கத்தின் ஒலிபெருக்கி அலறியது. அவனுடைய குரல்தான். உக்ரைனும் இல்லை, அணு உலையும் இல்லை; எல்லாவற்றையும் வெட்டி எறிந்திருந்தார்கள்.

“எங்கியோ உக்காந்திருக்கற கமிட்டி முடிவு பண்ணுது. கேள்வி கேட்டா துரோகிங்கறாங்க. இந்த யூனியன்ல இருந்து என்னத்தைக் கண்டோம்?”

கூட நின்ற பதிலிகள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் லேபர் ஆபீசர் வரதராஜுலு உள்ளே கூப்பிட்டனுப்பினார்.

“வாங்க அங்கப்பன். உக்காருங்க. நெம்ப நல்லாப் பேசறீங்க.” மேசைமேல் டைப் அடித்த தாள் ஒன்று இருந்தது. நிரந்தர உத்தரவு. அவன் பெயர் இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை. “பொய் சொல்லச் சொல்லலீங்க. மூணு நாளைக்கு எதுவும் பேசாம இருங்க, போதும்.”

மத்தியானம் நாசரிடமிருந்து ஆள் வந்தது. சாயங்காலம் கேட் கூட்டம். அங்கப்பன் மேடையேறி, அது ரஷ்யாவைப் பற்றிப் பேசியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“ஒரு வார்த்தைதானுங்களே, சொல்லிப்போட்டு வந்துருங்க” என்றாள் மனைவி மயிலாத்தாள்.

“உனக்கென்ன தெரியும்?” என்று அவள்மேல் எரிந்து விழுந்துவிட்டு, சூலூருக்குப் பஸ் ஏறினான். அங்கே அக்கா வீட்டில் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டான். ஒன்பது வருஷம் அடுத்தவனுக்குக் கேட்ட காய்ச்சல் கடைசியில் அவனுக்கே வந்துவிட்டது. என்ன, உடம்புதான் சுடவில்லை. வீட்டுக்கு மேலே விமானப் படை விமானங்கள் இரைச்சலோடு போய் வந்துகொண்டிருந்தன. ‘தனியாப் போறவனைத் தனித்தனியா வெலை பேசுவாங்க’ என்று நாசர் சொன்னது திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. தூ, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டினானே தவிர, எழுந்து பஸ் ஏறவில்லை.

யூனியன் பதினோரு ஓட்டில் தோற்றது. அடுத்த வாரம் ஏதோ ஒரு பழைய புகாரைத் தோண்டியெடுத்து நாசரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அங்கப்பனுக்குக் கையெழுத்திட்ட உத்தரவு வந்தது. “ஃபிரேம் போட்டு மாட்டுங்க, நாலு பேரு வந்து பாக்கட்டும்” என்றாள் மயிலாத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் நாசர் வீட்டுக்குப் போனான். அடித்தாலும் வாங்கிக்கொள்வது, காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டுதான் போனான். நாசர் வாசலுக்கே வந்தான்.

“வாங்க, வாங்க. உள்ள வந்து உக்காருங்க.”

அங்கப்பன் வாசப்படியிலேயே நின்றுகொண்டான். “நாசரு, நான் ரஷ்யாவைத்தாண்டா சொன்னேன். உனக்குத் தெரியாதாடா?”

“தெரியாம என்னங்க? நான்தானே போர்டுல எழுதுனேன்.” உள்ளே மனைவி பக்கம் திரும்பி, “சாஜிதா, அங்கப்பன் வந்திருக்காரு பாரு. டீ போடு” என்றான்.

டீ வந்தது. நாசர் குழந்தைகளின் படிப்பை விசாரித்தான், மயிலாத்தாளின் உடம்பை விசாரித்தான். எல்லாவற்றிலும் ஒரு ‘ங்க’ இருந்தது. கோபத்தின் சாயலே இல்லை. ஒரு முறை, ஒரே ஒரு முறை, ‘போடா நாயே’ என்று திட்டியிருந்தால் அங்கப்பன் அந்த உத்தரவை அன்றைக்கே கிழித்துப் போட்டிருப்பான். அப்படித்தான் அவன் பிறகு மயிலாத்தாளிடம் சொன்னான். அவள் நம்பவில்லை.

வாசல் வரைக்கும் வந்து நாசர் வழியனுப்பினான். “இந்தப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க.”

ஊரில் எல்லாருக்கும் கிடைக்கிற மரியாதை அன்றைக்குத்தான் அங்கப்பனுக்கும் அந்த வீட்டில் நிரந்தரமானது.