இரண்டு பேருக்கான மேசை

ஞாயிறு, மார்ச் 9. இன்று செய்த தவறு: டிம் சம் கடையில் "எத்தனை பேர்?" என்று கேட்டார்கள். "ரெண்டு" என்றேன். போனது நான் ஒருத்திதான்.

நாட்குறிப்பில் இதை எழுதியவள் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவள். மாலை வகுப்பில் கட்டட வரைபடம் பயில்பவள். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் பிசகினாலும் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். அப்பேர்ப்பட்டவள்தான் வாய் கூசாமல் அப்படிச் சொல்லிவிட்டாள்.

கூட்டமான நாளில் தனியாக வருகிறவர்களை அந்தச் சீனக் கொழுக்கட்டைக் கடையில் நடுவிலுள்ள வட்ட மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். முன்பின் தெரியாதவர்களோடுதான் உட்கார வேண்டும். ஜன்னலோர மேசை இரண்டு பேருக்கு மட்டும். ஆறு வருஷமாக ஞாயிறுதோறும் அதில் அவளும் அக்காவும் உட்கார்ந்தார்கள். ஒரே வாடகை வீட்டில் கூட இருந்த அக்கா போன மாதம் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். மேசையையும் விட்டுக்கொடுக்க இவளுக்கு மனம் வரவில்லை.

அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டாள். ஒரு மேசைக்குரிய எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் சமையலறையிலிருந்து மூங்கில் கூடைகள் வெளியே வரும். ஆறினால் மாவு தோல் மாதிரி ஆகிவிடுமாம்.

பரிமாறுகிற அம்மா இரண்டு கோப்பைகளை வைத்தார். "எங்கம்மா உங்கக்கா? இன்னும் பவுடர் பூசி முடியலயா?"

"வந்துட்டே இருக்கா."

இருபது நிமிஷம் போயிற்று. டீக்குவளை இரண்டாம் முறை நிரம்பியது. வாசலில் இடத்துக்காக நின்ற பெரியவர் தன் மனைவியிடம், "அந்தப் பொண்ணு டீயைக் குடிச்சே வயித்த ரொப்பிக்கும் போல" என்றது அவள் காதில் நன்றாகவே விழுந்தது.

"ஒரு போன் போட்டுப் பாரேன்மா," என்றார் பரிமாறுகிறவர்.

அக்கா இருக்கும் ஊரில் இன்னும் விடிந்திருக்காது. எடுத்த போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அக்கா வரமாட்டா. இங்க இல்ல இப்போ. நான்தான் ரெண்டுன்னு சொல்லிட்டேன்."

"அட கிறுக்கி! முதல்லயே சொல்லியிருந்தா பசியோட உக்காந்திருக்க வேணாமே." ஒரு கோப்பையை உள்ளே அனுப்பிவிட்டு, மற்றதை வட்ட மேசையில் கொண்டுபோய் வைத்தார். பெரியவரும் அவர் மனைவியும் ஜன்னலோரம் போனார்கள்.

வட்ட மேசையில் ஒரு குடும்பம் பேச்சை நிறுத்தாமலே நாற்காலிகளை நகர்த்தி இடம் விட்டது. கூடை வந்தது. உள்ளே நான்கு இறால் கொழுக்கட்டைகள். இதுவரை ஆளுக்கு இரண்டு. மாவு மெல்லியதாக, உள்ளே இறாலின் சிவப்பு தெரிந்தது. ருசியில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவதைக் கடித்தபோது, "இன்னிக்கு இஞ்சி கொஞ்சம் தூக்கல்ல?" என்று யாரிடமாவது கேட்க வேண்டும் போலிருந்தது. பக்கத்திலிருந்தவர்கள் யாருடைய மாமனாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். நான்காவதையும் அவளே சாப்பிட்டாள்.

இவ்வளவையும் எழுதி முடித்து, கீழே ஒரு வரி விட்டு எழுதினாள்:

நாளை: வேலைக்குப் போகும் வழியில் வீட்டுச் சொந்தக்காரரைப் பார்த்து, இனி வீட்டில் நான் மட்டும்தான் என்று சொல்ல வேண்டும்.