எழில்மதி மெஸ்ஸின் வெந்நீர்

எங்கள் மெஸ் சாப்பாட்டைக் குறை சொன்னால் பொறுத்துக்கொள்வேன். தண்ணீரைக் குறை சொன்னால் பொறுக்க மாட்டேன். டவுன்ஷிப்புக்கு வெளியே, ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் இருக்கிறது மெஸ். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் நாற்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு. 'இங்கு கொதிக்க வைத்த குடிநீர் மட்டுமே' என்று வாசலில் நானே பெயின்ட்டால் எழுதிவைத்திருக்கிறேன்.

போன சித்திரையில் அந்த நாற்பது பேரில் ஏழு பேருக்கு வயிற்றுப்போக்கு. திங்கட்கிழமை அவர்களுடைய சூப்பர்வைசர் விஜயராஜ் வந்து நின்றார்.

"அக்கா, உங்க கைச் சாப்பாடு எனக்கும் பிடிக்கும். ஆனா ஆளுங்க லீவு போட்டா வேலை நடக்காது. வெள்ளிக்கிழமைக்குள்ள என்னன்னு பாருங்க. இல்லன்னா வேற மெஸ் பாத்துக்கிறோம்."

நாற்பது பேரும் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அன்றைக்கே சுகாதார நர்ஸ் நந்தினியைக் கூப்பிட்டேன். மூன்று சின்ன பாட்டில்களோடு வந்தாள். தண்ணீர் பிடித்து ஒரு நாள் வைத்தால், கிருமி இருந்தால் கறுத்துவிடுமாம். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் அண்டாவில் கொதித்த தண்ணீர், ஒன்றில் எல்லாரும் குடிக்கும் எவர்சில்வர் டிரம்மின் தண்ணீர்.

மறுநாள் குழாய் பாட்டில் கறுத்திருந்தது. அதில் எனக்கு ஆச்சரியமில்லை. தெருக்காரர்கள் நாங்களே இழுத்த பைப், சாக்கடைக்குள் முழுகித்தான் வருகிறது. அண்டா பாட்டில் தெளிவு. ஆனால் டிரம் பாட்டிலும் தார் மாதிரி கறுத்துக் கிடந்தது.

அண்டாவில் நன்றாக இருந்த தண்ணீர் டிரம்மில் எப்படிக் கெடும்? யாரோ கையை விட்டிருக்க வேண்டும். யார் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தண்ணீர் பரிமாறுவது என் வீட்டுக்காரர் அய்யனார்.

"சொம்ப உள்ள வுட்டு மொண்டியாய்யா? நகத்தப் பாரு, வயக்காட்டு மண்ணு பூரா அதுலதான் இருக்கு!" என்று சாப்பிடுகிறவர்கள் முன்னாலேயே கத்திவிட்டேன்.

"நான் வுடல எழிலு. எப்பவும் டிரம்முக் குழாயத் தொறந்துதான் புடிச்சிகினு இருக்கேன்" என்றார்.

நான் கேட்டால்தானே. "இனிமே டிரம் பக்கம் வராத" என்று சொம்பைப் பிடுங்கிக்கொண்டேன். எல்லாரும் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார்கள். அவர் பின்பக்கம் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார். கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது. அது ஊரறிந்த விஷயம்.

டிரம்மைத் தேய்த்துக் கழுவினேன். புதன்கிழமை நானே பரிமாறினேன். அன்று பிடித்த பாட்டிலும் வியாழக்கிழமை கறுத்தது. அன்றைக்குக் கேன் தண்ணீர் வாங்கி ஒப்பேற்றினேன்.

வெள்ளிக்கிழமை காலை நந்தினி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் இங்க இல்லன்னு நெனச்சிக்கங்கக்கா. தினமும் செய்யிற மாதிரி செய்யுங்க."

அண்டா தளதளவென்று கொதித்தது. இறக்கி டிரம்மில் ஊற்றினேன். குழாயடிக்குப் போய் இரண்டு குடம் பிடித்துவந்து அதன் மேலேயே ஊற்றினேன்.

"அக்கா, இப்ப என்ன ஊத்துனீங்க?"

"விளாவுறேன். வெயில்ல வர்றவங்க இவ்ளோ சூட்ட எப்பிடிக் குடிப்பாங்க?"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்துவிட்டது. குளிக்கிற வெந்நீரை விளாவுகிற மாதிரி மூன்று வருஷமாகக் குடிக்கிற தண்ணீரையும் விளாவியிருக்கிறேன். கை தன்பாட்டுக்குச் செய்திருக்கிறது.

"பைப் இப்பதான் எங்கயோ வெடிச்சிருக்கும். அதான் இத்தன நாள் ஒண்ணும் தெரியல" என்றாள் நந்தினி. அவள் சிரிக்கவில்லை, அதுவே பெரிய உதவி. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா. இனிமே விளாவாதீங்க, போதும்."

நல்ல வழிதான். டிரம்மில்தான் கோளாறு, மாற்றிவிட்டேன் என்று விஜயராஜிடம் சொன்னால் தீர்ந்தது. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். நான்காவது நாளாக அய்யனார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

டிரம்மைக் கவிழ்த்துக் கழுவி, மறுபடியும் அண்டாவை அடுப்பில் ஏற்றினேன்.

மத்தியானம் எல்லாரும் உட்கார்ந்த பிறகு அய்யனாரைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவந்தேன்.

"தப்பு இவரு மேல இல்ல. கொதிச்ச தண்ணியில நான்தான் பச்சத் தண்ணிய ஊத்தி விளாவிகினு இருந்தேன். ஏழு பேருக்கு வயிறு போனது என்னாலதான். சார், அப்புறம் உங்க இஷ்டம்."

விஜயராஜ் பிசைந்த சோற்றோடு என்னைப் பார்த்தார்.

"இன்னைக்குத் தண்ணி?"

"விளாவல சார். நல்லாவே சுடும்."

டம்ளரை நீட்டினார், என்னிடம் இல்லை, அய்யனாரிடம். அவர் டிரம்மின் குழாயைத் திறந்து சொம்பில் பிடித்துவந்து ஊற்றினார். விஜயராஜ் ஊதி ஒரு வாய் குடித்தார், முகம் சுளித்தார்.

"நாளைக்காவது ஆற வச்சுக் குடுங்கக்கா" என்றார்.

நாளைக்கு என்றார்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சித்திரை வெயிலில் அத்தனை பேரும் வியர்க்க வியர்க்க, என்னைத் திட்டிக்கொண்டே, டம்ளரை ஊதி ஊதிக் குடித்தார்கள். அய்யனார் பந்தி நெடுகப் போய் ஊற்றினார்.

"பாத்து, மெதுவா" என்றார் ஒவ்வொருவரிடமும். "எழிலு இன்னைக்கு விளாவல."