வால்வு நேரமும் ஒரு வெறுங்காலும்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெரிய பொய் இல்லை. "ஆயில் மாத்தியாச்சு" என்ற இரண்டே சொல். காரைப் பற்றி மனைவி கேட்டாள், நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன்.

எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "பெட்ரோல் இன்ஜினில் வால்வு திறக்கும் நேரத்தை வேகத்துக்கு ஏற்ப மாற்றினால் எரிபொருள் மிச்சமாகும் என்பது..."

(நிறுத்திவிட்டேன். கதை கேட்க வந்தவருக்குப் பாடம் நடத்துவது என் பழைய வியாதி.)

இரண்டாம் தொடக்கம்: "கார் ஓட்டும்போது அவளுக்குக் கால் கனம்." இது கச்சிதமாக இருந்தது. என் பொய்களெல்லாம் நல்ல முதல் வாக்கியங்களாக அமைந்துவிடுகின்றன.

2

மனைவி பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க அடுத்தவர் முழங்காலை மடக்கி நீட்டுபவள். கார் அவளுடையது. கணவன் எழுத்தாளன், காரின் பராமரிப்பு தன் பொறுப்பு என்று தானாக முன்வந்து சொன்னவன்.

லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் கொடுத்த கார் பன்னிரண்டுக்கு இறங்கியது. ஏன் என்று அவள் கேட்டாள். கணவன்...

(கணவன் என்று எழுத வசதியாகத்தான் இருக்கிறது. சரி, நான்.)

"நீ ஆக்ஸிலேட்டர மிதிக்கிற மிதி அப்படி" என்றேன்.

மறுநாளிலிருந்து செருப்பைக் கழற்றிப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டினாள். எவ்வளவு அழுத்துகிறோம் என்று காலுக்குத் தெரியட்டுமாம். ஏசியையும் அணைத்தாள். அப்போதும் பன்னிரண்டுதான். போன மாதம் சாவியை ஆணியில் மாட்டினாள். "எனக்கு ஓட்டவே வரல போல" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். பதினொரு வருடமாக ஓட்டுபவள். நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

பக்கக் குறிப்பு: இந்த இடத்தில் எனக்கு அழுகை வந்ததாக ஒரு வரி இருந்தது. வரவில்லை. அடித்துவிட்டேன்.

3

நேற்று நானே ஓட்டியபோது இன்ஜின் விளக்கு எரிந்தது. பழி போட அவள் கால் பக்கத்தில் இல்லை.

மெக்கானிக் விரல் நீளத்தில் எதையோ கழற்றித் துணியில் வைத்தார். அதன் குட்டிச் சல்லடையில் கருப்பாகச் சேறு.

"இன்ஜின் மூச்சு இழுக்குற கதவுதான் சார் வால்வு. மெதுவா போறப்ப ஒரு நேரத்துல தெறக்கணும், வேகமா போறப்ப வேற நேரத்துல. அந்த நேரத்த மாத்துறது ஆயில் பிரஷர். ஆயில் இப்படி ஆயிட்டா நேரம் மாறாது. பெட்ரோல் வீணாத்தான் போகும். எப்ப மாத்தினீங்க?"

"கொஞ்சம் வேலை அதிகம்..."

"தேதி கேட்டேன் சார்."

"மனைவிதான் ஓட்டுவாங்க. கொஞ்சம் அழுத்தி மிதிப்பாங்க."

(அங்கேயும் சொன்னேன், வாசகரே.)

அவர் சல்லடையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இதுல அவங்க கால் எங்க சார் இருக்கு?"

4

மாற்று முடிவு: மெக்கானிக் ஏமாற்றுக்காரர் என்று தெரியவருகிறது. (கேவலம்.)

இன்னொன்று: நான் ரகசியமாகக் காரைச் சரிசெய்து சாவியை நீட்டுகிறேன். அவள் ஓட்டிப் பார்த்து, தன் கால் தேறிவிட்டது என்று சந்தோஷப்படுகிறாள். எனக்கு நன்றியும் சொல்கிறாள். நேற்று இதைத்தான் எழுதி முடித்தேன், அருமையாக வந்திருந்தது. திரும்பப் படித்தபோது என் மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

5

வாசகரே, வாசகரே என்று எத்தனை நேரம் சுற்றி வளைப்பது? என் கையெழுத்துப் பிரதியை முதலில் படிப்பது யார் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் மன்னிக்கவும்.

கார் சரியாகிவிட்டது. ஆயில் மாற்றியாயிற்று, இந்த முறை நிஜமாகவே. உன் காலில் ஒரு குறையும் இருந்ததில்லை. மாற்றாத ஆயில்தான் காரணமோ என்ற சந்தேகம் பழி போட்ட அன்றே எனக்கு இருந்தது. அதுதான் நான் செய்த அசிங்கம்.

இந்தத் தாள்களைச் சாவி தொங்கும் ஆணியில் குத்திவைக்கிறேன். நாளைக் காலை செருப்பைப் போட்டுக்கொண்டே ஓட்டு. நான் பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். நிறுத்தி ஏற்றிக்கொண்டாயா, தாண்டிப் போனாயா என்று நான் எழுதப்போவதில்லை. எந்தப் பெடலை அழுத்துவது என்று உன் காலுக்குத் தெரியும்.