அக்காவின் கால்சியம்

அக்கா பள்ளி வேன் ஓட்டினாள். தம்பி முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். அம்மா அப்பா போன பிறகு இருவரும் ஒரே வீட்டில், ஓயாமல் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் காலம் தள்ளினார்கள்.

அந்த வருடம் அக்கா சண்டைக்கே வரவில்லை. எலும்பெல்லாம் குடைகிறது என்றாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள்; குடித்த கையோடு கழிப்பறைக்கு ஓடினாள். "வயசாகுதுடா" என்றவளுக்கு வயது நாற்பத்தெட்டுதான். தம்பி தானாகவே மருந்துக்கடைக்குப் போய், எலும்புக்கு நல்லதென்று கால்சியம் மாத்திரை வாங்கிவந்து தினமும் அவள் உள்ளங்கையில் வைத்தான்.

ஒருநாள் காலை, ஒன்பது குழந்தைகளோடு வேனை ஒரு முட்டுச்சந்தில் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அக்கா உட்கார்ந்துவிட்டாள். பதினாறு வருடம் ஓட்டிய வழி மறந்துபோயிருந்தது. தகவல் வந்ததும் தம்பி, பாதி சவரத்தில் ஒருவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடினான்.

"நீ யாருப்பா?" என்று கேட்டாள் அக்கா. அவன் அவளை மெல்ல இறக்கி ஆட்டோவில் ஏற்றினான்.

ரத்தத்தில் கால்சியம் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு ஏறிக்கிடப்பதாக மருத்துவமனையில் சொன்னார்கள்.

"டாக்டர், நான்தான் கால்சியம் மாத்திரை வாங்கிக் குடுத்தேன். என் அக்காவ நானே கொல்லப் பாத்துட்டேன்."

டாக்டரம்மா அவனை உட்கார வைத்தார். "கேக்காம குடுத்தது தப்புதான். ஆனா மூல காரணம் அது இல்ல. கழுத்துல பாராதைராய்டுன்னு குட்டிச் சுரப்பிங்க இருக்கு. அதுல ஒண்ணுல கட்டி. அதுதான் எலும்புல இருக்கிற கால்சியத்தை உருவி ரத்தத்துல விடுது. இந்தக் கட்டி பெரும்பாலும் புற்றுநோயா இருக்காது. எடுத்துட்டா சரியாயிடும்."

சலைன் ஏற ஏற, மூன்றாம் நாள் அக்காவுக்குத் தெளிவு வந்தது. "கொழந்தைங்க?" என்பதுதான் முதல் கேள்வி.

"எல்லாரும் பத்திரம்க்கா."

அடுத்த வாரம் அறுவை சிகிச்சையில் மொச்சைக்கொட்டை அளவுக் கட்டி வெளியே வந்தது. மறுநாள், டாக்டரிடம் சொன்னதை அக்காவிடமும் சொன்னான் தம்பி. சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

"தெனமும் எழுந்ததும் என் வலிய நெனச்சவன் நீ ஒருத்தன்தான்டா, மடையா. கிட்ட வா." கரகரத்த குரலில் சொல்லிவிட்டு அவன் கன்னத்தைத் துடைத்தாள். "ஊருக்கெல்லாம் சவரம் பண்றவன் மூஞ்சியப் பாரு, பத்து நாள் தாடி!"

இரண்டு மாதம் கழித்து டாக்டர் சம்மதிக்க, அக்கா மறுபடி வேன் எடுத்தாள். முதல் நாள் கடையைத் திறக்காமல், பின்சீட்டில் குழந்தைகளோடு குழந்தையாகத் தம்பியும் போனான்.