ஏழாம் எண் கப்பலின் கேப்டன்

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மூழ்கிப்போன ஏழாம் எண் கப்பல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு மேட்டுத் தெருவில் ஏறி வந்து, கடற்படைத் தளபதி வீட்டு வாசலில் நின்றது. கடல் அங்கிருந்து மூன்று மைல். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு சுற்றிப் போனார். எதிர்வீட்டு அம்மா, "இதை இங்க நிறுத்தினா எங்க கார் எப்படி வெளிய வரும்?" என்று சத்தம் போட்டாள். நியாயமான கேள்விதான்.

அந்தக் கடற்படை தொடங்கியபோது அதில் இருந்தவை, பழைய அரசு விட்டுப்போன இரண்டு ரோந்துப் படகும் இரவல் வாங்கிய ஓர் இழுவைப் படகும். முப்பது வருஷத்தில் போர்க்கப்பல் நான்கு, நீர்மூழ்கி இரண்டு, ரோந்துப் படகு பதினொன்று, இந்த ஏழாம் எண்ணையும் சேர்த்துக் கண்ணிவெடி அகற்றும் கப்பல் ஏழு என்று பெருத்துவிட்டது. நீர்மூழ்கிகளில் ஒன்று மூழ்கும், இன்னொன்று என்ன செய்தாலும் மூழ்காது. வருஷாவருஷம் அச்சாகும் பட்டியலில் இருந்தால்தான் அங்கே கப்பல். பெயரை அடித்துவிட்டால், துறைமுகத்தில் கட்டிக்கிடந்தாலும் வெறும் இரும்பு.

பட்டியல் எழுதுகிறவள் ஏழாம் எண் கப்பலின் இன்ஜினியருடைய மனைவி. அடித்தட்டில் விரிசல் இருக்கிறது, கடலுக்குப் போகக்கூடாது என்று அவள் புருஷன் மூன்று தடவை எழுதிக் கொடுத்தான். அமைச்சர் பார்வையிட வரும் நாளில் கப்பல் குறையக்கூடாதென்று தளபதி, "போயிட்டு வாங்கய்யா, ஒண்ணும் ஆகாது" என்று அனுப்பிவைத்தார். முப்பத்திரண்டு பேர் திரும்பவில்லை. விசாரணையில் அந்த மூன்று கடிதங்களும் காணாமல் போயின. பழியைச் செத்துப்போன இன்ஜினியர் தலையில் கட்டினார்கள்: குடித்துவிட்டு வால்வைத் திறந்துவிட்டானாம். காபிகூடக் குடிக்காத மனுஷன்! கடற்படை வரலாற்றுப் புத்தகத்திலும் அப்படியே அச்சேறியது. மகள் பள்ளிக்கூடத்தில் அதைப் படித்துவிட்டு வந்து, "அப்பா குடிப்பாராம்மா?" என்று கேட்டாள்.

அந்த வரியைத் திருத்தச் சொல்லி இன்ஜினியர் மனைவி வருஷம் தவறாமல் தளபதி முன்னால் மனுவோடு போய் நின்றாள். "அடுத்த பதிப்புல பார்க்கலாம்மா" என்பார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். எட்டு வருஷம். அவள் வயிறு எரிந்தது, எரியாதா பின்னே?

தளபதி எதையும் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர். ஒன்பதாம் வருஷம் அவள் மனு கொண்டுபோகவில்லை. பட்டியலில், ஏழாம் எண் கப்பல் பணியில் உள்ளது என்று எழுதி, கேப்டன் என்ற இடத்தில் தளபதியின் பெயரைப் போட்டு நீட்டினாள். கையெழுத்தாயிற்று. செவ்வாய்க்கிழமை கப்பல் வந்துவிட்டது.

கேப்டன் பதினைந்து நாளுக்குள் கப்பலேற வேண்டும் என்பது தளபதியே போட்ட விதி. பின்வாசல் வழியாக ஓடிப் பார்த்தார். எந்தத் தெருவில் திரும்பினாலும் முனையில் கப்பல், ஏணியை இறக்கிவைத்துக்கொண்டு. மேல்தட்டில் முப்பத்திரண்டு பேரும் சொட்டச் சொட்ட நின்று சல்யூட் அடித்தார்கள். மரியாதையில் குறை சொல்ல முடியாது. வீட்டுக் குழாயில் உப்புத் தண்ணீர் வந்தது. மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

பதினான்காம் நாள், பட்டியல் எழுதுகிறவளின் மேஜைக்கு முன்னால் தளபதி வந்து நின்றார். "என்ன வேணும்னு சொல்லும்மா, எழுதித் தர்றேன்." விரிசல், மூன்று கடிதங்கள், தன் உத்தரவு, எல்லாவற்றையும் எழுதினார். அவள் இரண்டு தடவை படித்தாள். அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரலாற்றுப் புத்தகத்தில் சேர்க்க அப்போதே அச்சகத்துக்கு அனுப்பினாள்.

"இப்ப என் பேரை அடிச்சிடு."

அவள் பட்டியலைப் புரட்டினாள். "அச்சாயிடுச்சு சார். அடுத்த பதிப்புல பார்க்கலாம்" என்றாள், நன்றாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து.

மறுநாள் கப்பல் தன் கேப்டனோடு மேட்டுத் தெருவிலிருந்து இறங்கிப் போனது. எதிர்வீட்டுக் கார் வெளியே வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பதிப்பு வந்தாயிற்று. கண்ணிவெடி அகற்றும் கப்பல் இன்றைக்கும் ஏழுதான். ஏழாவதில், அடித்தட்டில் விரிசல் என்று இன்ஜினியர் தினமும் கேப்டனுக்கு எழுதிக் கொடுக்கிறாராம். கேப்டன் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறாராம்.